மரத்துப்போனது கையா, மனமா? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளி ஒருவரின் உணர்ச்சிச் செயலாக்கச் சிக்கலும் சிகிச்சையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எம்.எஸ். என்று சுருக்கி அழைக்கப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோடு 11 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் 42 வயதுக் கணித ஆசிரியை ஒருவர், தம் தந்தை இறந்து மூன்று வாரம் ஆன நிலையில், இடது கை முழங்கைக்குக் கீழே மரத்துப்போய்விட்டது என்று நரம்பியல் மருத்துவரிடம் சென்றார். அந்த ஆண்டில் அவருக்கு அப்படி நேர்ந்தது மூன்றாம் முறை. முந்தைய இரண்டு முறையும் அது நோயின் மறுதாக்கமாகக் கருதப்பட்டு, மெத்தில்பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மூன்று நாள் சிரை வழியாக ஏற்றப்பட்டிருந்தது. மூன்றாம் முறை எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், நோய் விட்டுச்செல்லும் தழும்பு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. மரத்த உணர்வோ சில மணி நேரத்தில் விலகி, இரண்டு நாள் கழித்து வந்து, மீண்டும் விலகியிருந்தது. அந்த மருத்துவர் பழைய குறிப்புகளைப் பொறுமையாகப் புரட்டி, ஒவ்வொரு முறையும் கை மரப்பதற்குச் சற்று முன்பு வீட்டிலோ பள்ளியிலோ ஏதோ ஒன்று நடந்திருப்பதைக் கவனித்து, "மனச்சோர்வு உள்ளதா என்று பார்க்கவும்" என்ற ஒரே வரியோடு அவரை உளவியல் சிகிச்சையாளரான என்னிடம் அனுப்பினார்.

முதல் சந்திப்பில் அவர் சொன்னது இது: "அப்பா போனப்போ எனக்கு அழுகையே வரலை மேடம். வருத்தம்னும் சொல்ல முடியாது. கைதான் மரத்துப்போச்சு." இதைச் சொன்னபோது அவருடைய குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. முகத்திலும் எதுவும் மாறவில்லை. உடன் வந்திருந்த கணவர் குறுக்கிட்டு, "எங்க வீட்டுல இவளுக்குக் கோபம் வந்தா எங்களுக்குத்தான் தெரியும், இவளுக்குத் தெரியாது" என்றார். இந்த நிகழ்வின் நடுப்புள்ளியை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இங்கே வருபவர் தனி ஒருவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாருடைய அடையாளமும் தெரியாதிருக்கும் பொருட்டு, இதே சிக்கலோடு வந்த சிலரின் விவரங்களைச் சேர்த்தும் மாற்றியும் ஒருவராக எழுதியிருக்கிறேன். அதனால்தான் சோதனை மதிப்பெண்களைத் துல்லியமான எண்களாகத் தராமல், அவை எந்த எல்லைக்கு மேலே அல்லது கீழே இருந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நோயும் உணர்ச்சியும்

எம்.எஸ். என்பது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. தொடங்கும்போது ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்கு இது வந்து வந்து தணியும் வகையாக இருக்கிறது. நம் ஆசிரியைக்கும் அதே வகைதான்.

கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், அசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்நோயில் உணர்ச்சிக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆனால் இது புதிய கவனிப்பு அன்று. 1868இல் இந்நோயைத் தெளிவாக வரையறுத்த பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோவே காரணமில்லாத சிரிப்பையும் அழுகையையும் குறித்துவைத்தார். 1926இல் காட்ரெல், வில்சன் என்ற இருவர் 100 நோயாளிகளின் உணர்ச்சி மாற்றங்களை மட்டுமே எடுத்து ஆராய்ந்தார்கள். அதன்பின் கவனம் மனச்சோர்வின் பக்கம் திரும்பியது. அது நியாயமும்கூட, ஏனெனில் எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது அதற்கு ஆளாகிறார்கள். எனினும் மனச்சோர்வுக்கும் உணர்ச்சியை உள்வாங்கிப் பெயரிட்டுக் கடந்துபோக முடியாத நிலைக்கும் வேறுபாடு உண்டு. மனச்சோர்வு உள்ளவருக்குத் துக்கம் மிகுதி. இவருக்கோ துக்கம் வந்திருக்கிறது என்ற செய்தியே போய்ச் சேரவில்லை.

ஒரு மனக்கலக்கம் உள்ளே வாங்கப்பட்டு, படிப்படியாகத் தணிந்து, மற்ற வேலைகள் தடையின்றி நடக்க வழிவிடுவதையே உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1980இல் உணர்ச்சிச் செயலாக்கம் என்று வரையறுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, தம் உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காத நிலைக்குப் பீட்டர் சிஃப்னியோஸ் என்னும் மனநல மருத்துவர் கிரேக்கச் சொற்களைக் கோத்து அலெக்சிதைமியா என்று பெயரிட்டிருந்தார். அலெக்சிதைமியா ஒரு நோயின் பெயர் அன்று. ஒரு தன்மையின் பெயர். பொதுமக்களில் சுமார் பத்தில் ஒருவரிடம் அது காணப்படுகிறது, எம்.எஸ். உள்ளவர்களிடம் அதைவிடக் கூடுதலாகவே ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

மதிப்பீடு

உணர்ச்சி மரத்திருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு முன், அப்படித் தோற்றமளிக்கும் வேறு நிலைகளை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. மனச்சோர்வை அளக்க, அசதி, தூக்கம் போன்ற உடற்குறிகளை அதிகம் கேட்காத 14 கேள்விகள் கொண்ட ஹாட்ஸ் வினாநிரலைத் தேர்ந்தெடுத்தேன். எம்.எஸ். நோயாளியிடம் "சோர்வாக இருக்கிறதா" என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். அது நோயின் அசதியைச் சொல்கிறதா மனத்தைச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது. மனச்சோர்வுப் பகுதியில் அவர் 8 என்ற எல்லைக்குக் கீழேதான் இருந்தார். கட்டுக்கடங்காத சிரிப்பும் அழுகையும் வரும் சூடோபல்பார் அஃபெக்ட் நிலை எம்.எஸ். உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். இவருக்கு அது இல்லை. மனச்சோர்வு மாத்திரைகளில் சில உணர்ச்சியை மழுங்கடிப்பதுண்டு. அவர் அப்படி எதையும் சாப்பிடவில்லை.

தகவலைக் கையாளும் வேகத்தை அளக்கும் எஸ்.டி.எம்.டி. சோதனையில், 90 விநாடிக்குள் குறிகளுக்கு உரிய எண்களைச் சொல்ல வேண்டும். நாள் முழுதும் எண்களோடு புழங்குபவராக இருந்தும் இதில் அவர் தம் வயதுக்கும் படிப்புக்கும் எதிர்பார்க்கப்படும் அளவைவிடத் தெளிவாகப் பின்தங்கியிருந்தார். நினைவுத் திறன் சோதனைகளில் குறை இல்லை. அலெக்சிதைமியாவை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட டொரண்டோ அளவையில் 61 அல்லது அதற்கு மேல் வந்தால் அத்தன்மை உண்டு என்று கொள்வார்கள். அவர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தார். இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. உணர்ச்சியை அடையாளம் காண்பது, சொல்லில் வைப்பது என்ற இரண்டு பகுதிகளில்தான் மதிப்பெண் ஏறியிருந்தது. உள்முகமாக யோசிக்க விருப்பமில்லாத தன்மையைக் காட்டும் மூன்றாம் பகுதியில் ஏறவில்லை. அவர் தம்மை அறிய விரும்பாதவர் அல்லர். தேடிப் பார்த்தும் கிடைக்காதவர்.

முகங்களைப் படிக்கும் சோதனையில் மகிழ்ச்சியையும் வியப்பையும் சரியாகச் சொன்னார். கோபத்தைப் பயம் என்றும் பயத்தை வியப்பு என்றும் மாற்றிமாற்றிச் சொன்னார். எம்.எஸ். உள்ளவர்களிடம் எதிர்மறை உணர்ச்சிகளை முகத்தில் காண்பதில் இத்தகைய தடுமாற்றம் இருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் பார்வை நரம்பு அழற்சி வந்திருந்தது. அழற்சி ஆறிய பிறகும் மங்கிய சாயல்களைப் பிரித்தறியும் திறன் குறைந்தே இருக்கக்கூடும். அதைப் பரிசோதிக்காமல் முகச் சோதனையை நம்பினால், கண்ணின் குறையை மனத்தின் குறையாக எழுதிவிடுவோம். கண் மருத்துவரின் பரிசோதனை முடிவு வந்து, அக்குறை மிகச் சிறிது என்று தெரிந்த பிறகே அந்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டேன்.

எப்படி விளங்கிக்கொண்டோம்

ஸ்கேனில் அவருடைய பழைய தழும்புகள் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் பகுதியிலும், மூளை அறைகளைச் சுற்றியும் இருந்தன. எம்.எஸ். விரும்பித் தங்கும் இடங்கள் அவை. கடுமையான வலிப்பு நோய்க்காக அந்த இணைப்பு அறுவை சிகிச்சையால் துண்டிக்கப்பட்டவர்களிடம் அலெக்சிதைமியாவை ஒத்த தன்மைகள் 1970களிலேயே விவரிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே உடலில் எழும் கிளர்ச்சி சொல்லாக மாறும் பாதையில் நோயே ஓரளவு குறுக்கே நிற்கிறது என்று கருத இடமுண்டு. இதற்கு மேல் ஒரு தழும்பைச் சுட்டி "இதுதான் காரணம்" என்று சொல்வது சரியாகாது. அதே இடத்தில் தழும்பு உள்ள பலர் கண்ணீர் விட்டு அழுகிறார்கள்.

வேகக் குறைவை நான் இதனினும் பெரிதாக எடுத்துக்கொண்டேன். உணர்ச்சி பொங்கும் உரையாடல்தான் வீட்டில் நடப்பவற்றிலேயே மிக வேகமானது. மகளும் கணவரும் ஒரே நேரத்தில் பேசும்போது ஆசிரியை எப்போதும் இரண்டு வாக்கியம் பின்னால் இருந்தார். தமக்கு என்ன ஆகிறது என்று அறிவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். அவர் எழுந்து அறைக்குள் போய்விடுவார். 16 வயது மகள் இதை, "அம்மாகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, அவங்களுக்கு எதுவுமே ஆகாது" என்று விளங்கிக்கொண்டிருந்தாள்.

இவற்றோடு சேர்ந்து நின்றது ஓர் அறிவுரை. நோய் கண்டுபிடிக்கப்பட்ட அன்று, நல்லெண்ணத்தோடு அவரிடம் யாரோ, "இனிமே டென்ஷனே ஆகக் கூடாது, உணர்ச்சிவசப்பட்டா நோய் திரும்ப வந்துடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கணக்கு ஆசிரியை அதை ஒரு தேற்றம் போல எடுத்துக்கொண்டு 11 ஆண்டுகள் கடைப்பிடித்திருக்கிறார். அழுகை வரும்போல இருந்தால் முகம் கழுவிக்கொண்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிடுவார். அந்த அறிவுரை முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. 14 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, வாழ்வின் நெருக்கடிகளுக்கும் மறுதாக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகவே கண்டது. ஆனால் இன்ன நெருக்கடியால் இன்னாருக்கு இந்த மறுதாக்கம் வந்தது என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது என்பதையும் அதுவே தெளிவுபடுத்தியது. நெருக்கடி வேறு, அந்த நெருக்கடிக்காக அழுவது வேறு. அழாதே என்று சொன்னால் நெருக்கடி குறைவதில்லை. அது வெளியேறும் வாசல் அடைபடுகிறது. எம்.எஸ். நோயாளியிடம் "உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று சொல்லும் ஒவ்வொருவரும் அந்த அறிவுரையின் பக்கவிளைவையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சிகிச்சை

ஐந்தரை மாதத்தில் 16 அமர்வுகள். முதல் மூன்று அமர்வுகள் வீணாயின. அதற்குக் காரணம் நான்தான். வழக்கப்படி ஒரு மணி நேரம் உட்காரவைத்து, "அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வின் வழியில், நாளுக்கு 15 நிமிடம் நான்கு நாள் மனத்தில் உள்ளதை எழுதிவரச் சொன்னேன். அவர் சொன்னபடி எழுதிவந்தார். தந்தை இறந்த நாளின் நிகழ்ச்சிகள் மணிவாரியாக, பிழையின்றி, வரிசை எண்ணோடு இருந்தன. உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. எழுதி முடித்த நான்காம் நாள் அசதியால் பள்ளிக்கே போகவில்லை. நடக்க முடியாதவரை ஓடச் சொல்லியிருக்கிறேன் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான்காம் அமர்வு முதல் எல்லாவற்றையும் மாற்றினேன். நேரத்தை 35 நிமிடமாகக் குறைத்து, அசதி குறைவாக இருக்கும் காலைக்கு மாற்றினேன். உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும் என்பது 1890இல் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உத்தாஃப் விவரித்த நிகழ்வு; ஆகவே அறை குளிர்ச்சியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எழுதுவதற்குப் பதிலாக, கைபேசியில் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்தால் போதும் என்றாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, "என்ன தோன்றியது" என்ற கேள்வியையே விட்டுவிட்டு, "உடம்பில் எங்கே, என்ன" என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன்.

தமிழ் பேசுபவரோடு வேலை செய்வதில் ஒரு வசதி உண்டு. நம் மொழி உணர்ச்சியை உடம்பில் வைத்துத்தான் பேசுகிறது. பொறாமைக்கு வயிற்றெரிச்சல், பயத்துக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது, பதற்றத்துக்குக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருப்பது, துக்கத்துக்குத் தொண்டை அடைப்பது. பழைய இலக்கணம் உணர்ச்சிகளை எட்டாக வகுத்தபோதுகூட அவற்றுக்கு மெய்ப்பாடு என்றே பெயர் வைத்தது: மெய்யில் படுவது. கைகாலுக்கும் மனத்துக்கும் சேர்த்து மரத்துப்போவது என்ற ஒரே வினையை நாம் சொல்கிறோம். இத்தகைய வழக்குகளில் ஏறத்தாழ 40ஐச் சிறு அட்டைகளில் எழுதி, ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் வெறுமையாக விட்டேன். உடம்பில் ஏதாவது நேரும்போது பொருந்தும் அட்டையை எடுப்பது, பின்புறத்தில் அந்த உணர்ச்சியின் பெயரைத் தாமே எழுதுவது, தெரியாவிட்டால் வெறுமையாகவே விட்டுவிடுவது, வீட்டுப்பாடம் அவ்வளவுதான்.

ஐந்தாம் அமர்வில், தந்தையின் மேசையை ஒழுங்குபடுத்தியதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி, பழைய ரசீதுகள், பாதி நிரப்பிய ஒரு கணக்கு நோட்டு என்று பொருட்களின் பட்டியல் வழக்கம்போல ஏற்ற இறக்கமின்றிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நோட்டைச் சொன்னபோது அவருடைய இடது கை விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. பேச்சை நிறுத்தி, "இப்போது கை எப்படி இருக்கிறது" என்று மட்டும் கேட்டேன்.

"மரத்துப்போகுது."

"முதலில் எங்கே தொடங்கியது?"

கையைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வலது கையைத் தூக்கித் தொண்டைக்குழியைத் தொட்டார். "இங்க. அடைக்குது." பிறகு அட்டைக் கட்டைப் பிரித்துத் தேடி, "தொண்டை அடைக்கிறது" என்பதை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏறத்தாழ ஒரு நிமிடம் இருவரும் பேசவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நான் நிரப்பியிருந்தால் எல்லாம் போயிருக்கும். வேகம் குறைந்த மூளைக்கு நாம் தரக்கூடிய முதன்மையான மருந்து, காத்திருப்பதுதான். கடைசியில் அவர் அட்டையைத் திருப்பினார். பேனாவை எடுத்தார். "துக்கமா மேடம்?" என்று, விடை சரியா என்று கேட்கும் மாணவியைப் போலக் கேட்டார். கண்ணில் நீர் இல்லை. ஆனால் கேட்ட குரல் நடுங்கியது. அதற்கு முன் அவருடைய குரலில் அப்படியொரு நடுக்கத்தை நான் கேட்டதில்லை.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது வெறும் சொல் விளையாட்டு அன்று. 2007இல் மாத்தியூ லீபர்மனும் உடன் ஆய்வாளர்களும் செய்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், காணும் முகத்தின் உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தபோது பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் துடிப்பு தணிந்து, வலப்பக்க முன்மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்படைந்தது. நலமுள்ளவர்களிடம் கண்ட அதை எம்.எஸ். நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், பெயரிடும் பயிற்சியை நான் சிகிச்சையின் நடுவில் வைத்ததற்கு அது ஒரு காரணம்.

மறுதாக்கமா, மெய்ப்பாடா

இந்தச் சிகிச்சையில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த இடம் இது. கை மரப்பது துக்கத்தின் குறியாக இருக்கலாம் என்று கற்றுக்கொடுத்த பிறகு, உண்மையான மறுதாக்கம் ஒன்று வந்தால் அதையும் துக்கம் என்று அவர் தள்ளிவிட்டால் என்ன செய்வது? நரம்பு நோயாளியிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்வது மருத்துவத்தின் மிகப் பழைய கொடுமைகளில் ஒன்று, எம்.எஸ். கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு இதே வார்த்தையைக் கேட்டுத் திரும்பிய நோயாளிகள் பலரை எனக்குத் தெரியும்.

ஆகவே நரம்பியல் மருத்துவரோடு கலந்து, உணர்ச்சி அட்டைகளுக்குப் புறம்பாக ஓர் எச்சரிக்கை அட்டையைத் தயாரித்தோம். புதிய அறிகுறியோ பழைய அறிகுறியின் தெளிவான பெருக்கமோ, காய்ச்சலும் தொற்றும் இல்லாத நிலையில் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதை மறுதாக்கமாகக் கருத வேண்டும் என்பது நடைமுறை வரையறை. அது அட்டையின் முதல் வரி. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அவையும் பழைய அறிகுறிகளைக் கிளப்பிவிடும். பார்வை குறைந்தாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ அன்றே அழைக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் எழுதினோம்: உணர்ச்சிக்குப் பெயர் வைத்துவிட்டதால் மருத்துவரை அழைக்கத் தேவையில்லை என்று ஆகாது.

மூன்றாம் மாதத்தின் முதல் வாரத்தில் அந்த எச்சரிக்கை அட்டை தேவைப்பட்டது. அவருடைய வலது கால் இழுத்தது. அன்று மகளின் தேர்வு முடிவு வர இருந்ததால், பயம் என்று முதலில் நினைத்திருக்கிறார். சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்ததும் அன்று மாலையே மருத்துவரை அழைத்துவிட்டார். மறுநாளும் கால் சரியாகவில்லை. ஸ்கேனில் புதிய தழும்பு ஒன்று இருந்தது. ஸ்டீராய்டு ஏற்றினார்கள், நோயின் போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்தும் மாற்றப்பட்டது. அதிக அளவு ஸ்டீராய்டு தூக்கத்தைக் குலைத்து மனத்தைத் தேவையில்லாமல் உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும் என்பதால், அந்த நாட்களில் எழும் உணர்ச்சிகளை ஆராயாமல் மூன்று வாரம் எங்கள் அமர்வுகளை நிறுத்திவைத்தோம். திரும்பி வந்தபோது அவர் சொன்ன முதல் செய்தி கால் பற்றியது அன்று: "ஆஸ்பத்திரியில எனக்குப் பயமா இருந்துச்சு. அட்டை இல்லாமயே தெரிஞ்சுது."

துயரமும் வீடும்

மீதமிருந்த அமர்வுகளில் பாதியைத் தந்தையின் மரணத்துக்குக் கொடுத்தோம். அவர் தவிர்த்துவந்த கணக்கு நோட்டை ஓர் அமர்வுக்கு எடுத்துவந்தார்; அடுத்த அமர்வில் அதைத் திறந்தார்; அதற்கடுத்த அமர்வில் அழுதார். அழுகை நான்கு நிமிடம் நீடித்தது. முடிந்ததும் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, இரண்டும் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டார். அழுதால் நோய் வந்துவிடும் என்ற 11 ஆண்டு நம்பிக்கையை எந்த விளக்கத்தாலும் நான் அசைத்திருக்க முடியாது. அந்த நான்கு நிமிடமும், அதன்பின் மறுதாக்கமின்றி நகர்ந்த வாரங்களும் அதை அசைத்தன.

இந்தக் கட்டத்தில் அவருடைய மனச்சோர்வு மதிப்பெண் குறையவில்லை, உயர்ந்தது. இதை எதிர்பார்க்காத சிகிச்சையாளர் பதறிவிடக்கூடும். மரத்திருந்த காலில் இரத்தம் ஓடத் தொடங்கும்போது சுருக்கென்று வலிப்பதைப் போன்றது இது. ஆயினும் உவமையைச் சொல்லிச் சும்மா இருந்துவிடக் கூடாது. எம்.எஸ். உள்ளவர்களிடம் தற்கொலை அபாயம் பொதுமக்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், ஒவ்வோர் அமர்விலும் அதைப் பற்றி நேரடியாகக் கேட்டேன். மதிப்பெண் இரண்டு வாரத்துக்கு மேல் உயர்ந்தே இருந்தால் மருந்து பற்றி மனநல மருத்துவரோடு பேசுவது என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். அந்தத் தேவை எழவில்லை.

முகம் படிக்கும் பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. படங்களைக் காட்டிப் பழக்கினால் அந்தப் படங்களில் தேர்ச்சி வரும். மகளின் முகத்தில் வருமா என்பது வேறு. அதற்குப் பதிலாக, வீட்டிலுள்ளோரை இரண்டு அமர்வுக்கு வரவழைத்து, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவது என்றும், "எனக்குக் கோபம்", "எனக்குப் பயம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு காரணத்துக்குப் போவது என்றும் முடிவு செய்தோம். மகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டாள். தெரிய வேண்டும் என்ற அவளுடைய ஆசை நியாயமானது என்றும், அம்மாவின் கண் பார்த்ததை மூளை உணர்ச்சியாகப் புரிந்துகொள்ளும் பாதையில் நோய் உட்கார்ந்திருக்கிறது என்றும் சொன்னேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அம்மாவுக்கு அக்கறை இல்லாம இல்ல, தெரியலை, அவ்வளவுதானே" என்றாள். ஆசிரியை மகளைத் திரும்பிப் பார்த்து, "நீ இப்ப அழப்போறியா?" என்று கேட்டார். கேட்டது சரியாக இருந்தது.

விளைவு

சிகிச்சை முடிந்தபோது டொரண்டோ அளவை மதிப்பெண் 52க்கும் 60க்கும் இடைப்பட்ட எல்லைநிலைக்கு இறங்கியிருந்தது. மனச்சோர்வு மதிப்பெண் தொடக்கத்தில் இருந்த அளவுக்குத் திரும்பியது. எஸ்.டி.எம்.டி. சோதனையில் மாற்றம் இல்லை; முகச் சோதனையிலும் கோபத்தையும் பயத்தையும் அவர் இன்னும் குழப்பிக்கொள்கிறார். இவை மாறும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பாதை சீராகாமலேயே வேறு வழியாக ஊர் போய்ச் சேர முடியும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

எது பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல ஒரே நிகழ்வு போதாது. அட்டைகளா, காத்திருந்ததா, துயரம் காலத்தால் தானே ஆறியதா, நோய் மருந்து மாற்றப்பட்டதா என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்பதே நேர்மையான விடை. எம்.எஸ். உள்ளவர்களுக்கான உளவியல் சிகிச்சைகளில் மனச்சோர்வையும் அசதியையும் குறிவைத்தவற்றுக்கே இதுவரை கூடுதல் ஆதாரம் உண்டு. 2010இல் 150 பேரிடம் நடந்த ஆய்வில் எட்டு வார மனமுனைப்பு (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சி மனச்சோர்வு, அசதி இரண்டையும் குறைத்தது. எண்ணங்களைக் கண்டறிந்து மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தொலைபேசி வழியாகத் தருவது மனச்சோர்வுக்கு உதவக்கூடும் என்று அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2014 வழிகாட்டுதல் குறிப்பிட்டது. உணர்ச்சியை அடையாளம் காணவே முடியாதவரை அச்சிகிச்சைகளில் நேரடியாக உட்காரவைத்தால், என்னுடைய முதல் மூன்று அமர்வுகளில் நேர்ந்ததுதான் நேரும் என்பது என் கருத்து. எண்ணத்தைப் பிடிக்கச் சொல்வதற்கு முன் உடம்பில் நேர்வதைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து நடந்த தொடர் சந்திப்பில், கை இடையில் இரண்டு முறை மரத்ததாகச் சொன்னார். ஒருமுறை தந்தையின் நினைவு நாளில். அது ஒரு மணி நேரத்தில் விலகியது. இன்னொரு முறை எதற்கு என்று தெரியவில்லை. 24 மணி நேரம் வரை பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் சரியாயிற்று, இருந்தும் அடுத்த நாள் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டார். ஸ்டீராய்டு ஏற்றப்படவில்லை. அட்டைக் கட்டைத் திருப்பிக் கொடுக்க எடுத்துவந்திருந்தார். அவற்றில் 9 அட்டைகளின் பின்புறம் இன்னும் வெறுமையாக இருந்தது. அந்த ஒன்பதையும் அவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த சந்திப்பை மூன்று மாதத்துக்குப் பிறகு குறித்தோம்.